அம்மப்பாவின் நாலு பதக்கங்களும் ஒரு கல்வெட்டும்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விளங்கட்டும். 1924இல் காங்கேசன்துறைப் பக்கம் பிறந்த உங்கள் அம்மப்பா 98 வயதில் காலமாகிவிட்டார். 1942இல் பட்டாளத்தில் சேர்ந்து, எகிப்தில் லொறி ஓட்டி, 1946இல் ஊர் திரும்பியவர். அப்புறம் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை. நாலு பெண், இரண்டு ஆண் என்று ஆறு பிள்ளைகள். இப்போது அவருடைய றங்குப்பெட்டிக்குள் நாலு பதக்கங்கள் கிடைத்திருக்கின்றன. அந்தியேட்டிக்கு, அதாவது முப்பத்தோராம் நாள் கிரியைக்கு, கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அடிக்க வேண்டும். அதில் "வீரப் பதக்கங்கள் பெற்ற போர்வீரர்" என்று போடலாமா? இத்தாலியிலும் சண்டை பிடித்தார் என்று மாமா சொல்வதை எழுதலாமா? மிச்ச வருடங்களை எப்படி எழுதுவது? போரைப் பற்றி அவர் ஏன் வாயே திறக்கவில்லை?

முதல் கேள்விக்கு என் பதில்: போடாதீர்கள். அவரைக் குறைத்துச் சொல்லவில்லை. நீங்கள் படம் பிடித்து அனுப்பிய நாலும் வீரச் செயலுக்குக் கொடுத்தவை அல்ல, போர்ச் சேவைக்குக் கொடுத்தவை. இந்த வித்தியாசம் தெரிந்த ஒருவர், லண்டனில் இருக்கிற உங்கள் சொந்தக்காரராகவே இருக்கலாம், வாசித்தவுடன் பிடித்துவிடுவார். பிறகு கல்வெட்டில் உள்ள உண்மைகளையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். "இரண்டாம் உலகப் போரில் வட ஆபிரிக்காவில் சேவையாற்றி நான்கு பதக்கங்கள் பெற்றவர்" என்று போடுங்கள்.

நான் இருபது வருடத்துக்கு மேலாக ஊரில் கல்வெட்டுகளுக்கு வாழ்க்கை வரலாறு எழுதிக் கொடுக்கிறவன். காசுக்கு இல்லை. ஓய்வு பெற்ற வாத்தியார், எழுதுவார் என்று செத்தவீட்டுக்காரர் வந்து நிற்பார்கள். அதோடு என் பெரியப்பாவும் அதே போரில் திருகோணமலையில் கடற்கரைப் பீரங்கிப் பிரிவில் இருந்தவர். அவர் பெட்டியைத் திறந்தபோது எனக்கும் உங்களுக்கு வந்த அதே கேள்விகள்தான் வந்தன. அதற்காகத் தேடிப் படித்ததுதான் இந்த அறிவு.

சரி, பதக்கங்களுக்கு வருவோம். இரண்டு ஆறுமுனை வெண்கல நட்சத்திரம், இரண்டு வெள்ளி நிற வட்டம். நட்சத்திரங்களின் நடுவில் கிரீடமும், ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் முத்திரை எழுத்துகளும் இருக்கும். கடு நீலம், சிவப்பு, இள நீலம் என்று மூன்று சமமான பட்டை உள்ள நாடா எதற்குரியதோ அது 1939-45 நட்சத்திரம். கடற்படை, தரைப்படை, வான்படை என்பதற்குத்தான் மூன்று நிறம். தரைப்படைக்காரர் போர்ப் பிரதேசத்தில் 180 நாள் சேவை செய்திருந்தால் கொடுத்தார்கள். மணல் நிற நாடாவில் நடுவே அகலமான சிவப்புக் கோடு உள்ளது ஆபிரிக்க நட்சத்திரம். அந்த மணல் நிறம் பாலைவனத்துக்காக. 1940 ஜூன் 10க்கும் 1943 மே 12க்கும் இடையில் வட ஆபிரிக்கப் போர்க்களத்தில் ஒரு படைப் பிரிவோடு ஒரு நாள் இருந்திருந்தாலே இது கிடைக்கும். உங்கள் அம்மப்பா எகிப்துக்குப் போனது 1943 மே 12இலோ அதற்கு முன்னரோ என்பதை இந்த ஒரு துண்டு வெண்கலமே சொல்லிவிடுகிறது. யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

வட்டங்களில் ஒன்றின் பின்பக்கம் ஒரு சிங்கம் இரண்டு தலை உள்ள டிராகன் மேல் ஏறி நிற்கும். அதுதான் போர்ப் பதக்கம். இரண்டு தலையும் கிழக்கிலும் மேற்கிலும் இருந்த எதிரிகளைக் குறிக்கும். 28 நாள் முழுநேரச் சேவை செய்த எல்லோருக்கும் கொடுத்தார்கள். மற்றது பாதுகாப்புப் பதக்கம். அதன் நாடாவைப் பாருங்கள், எனக்குப் பிடித்தது அதுதான்: நடுவில் நெருப்பு நிறம், இரு கரையிலும் பச்சை, பச்சைக்குள் மெல்லிய கறுப்புக் கோடு. நெருப்பு, விழுந்த குண்டுகளுக்கு. பச்சை, இங்கிலாந்தின் நிலத்துக்கு. கறுப்பு, விளக்கணைத்து இருந்த இரவுகளுக்கு. யாழ்ப்பாணத்து வீட்டுப் பெட்டியில் இங்கிலாந்தின் புல்வெளி இத்தனை வருடம் கிடந்திருக்கிறது என்று நினைக்க ஒரு மாதிரித்தான் இருக்கிறது.

வீரத்துக்குக் கொடுத்திருந்தால் எப்படி இருக்கும்? சாதாரண சிப்பாய்க்கு அந்தக் காலத்தில் மிலிட்டரி மெடல் கொடுத்தார்கள். வெள்ளியால் ஆனது, பின்பக்கத்தில் களத்தில் காட்டிய துணிவுக்காக என்று ஆங்கிலத்தில் இருக்கும், முக்கியமாக விளிம்பில் அவருடைய இலக்கமும் பெயரும் வெட்டியிருக்கும். பிரித்தானியா கொடுத்த இரண்டாம் உலகப் போர்ச் சேவைப் பதக்கங்களில் பெயரே இருக்காது. கோடிக்கணக்கில் வார்த்துத் தபாலில் அனுப்பியவை அவை. அதனால் "விளிம்பில் பெயர் இல்லையே, இது அம்மப்பாவுடையதா" என்று பயப்பட வேண்டாம். ஆனால் இரண்டு விஷயத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். போர்ப் பதக்கத்தின் நாடாவில் சிறிய வெண்கல ஓக் இலை ஒன்று குத்தியிருக்கிறதா? இருந்தால் மேலதிகாரியின் அறிக்கையில் அவர் பெயர் தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. லண்டன் கெசட் என்ற பிரித்தானிய அரச வர்த்தமானியில் தேடலாம், இணையத்தில் இலவசமாக இருக்கிறது. ஆபிரிக்க நட்சத்திரத்தின் நாடாவில் எட்டாம் ஆமி என்று எழுதிய உலோகப் பட்டை இருக்கிறதா? இருந்தால் 1942 ஒக்டோபர் 23, அதாவது எல் அலமெய்ன் சண்டை தொடங்கிய நாளுக்குப் பிறகு அந்தப் படையோடு இருந்தவர். அப்போது கல்வெட்டில் எட்டாம் ஆமி என்ற அந்தப் பிரித்தானியப் பாலைவனப் படையின் பெயரையும் தைரியமாகச் சேர்க்கலாம். இல்லாவிட்டால் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று. நாடாக்கள் தனியாக மடித்தபடியே இருந்தன என்று எழுதியிருக்கிறீர்கள். பதக்கங்கள் சின்ன மட்டைப் பெட்டியில், நாடா வேறாக, கோர்க்காமல்தான் வரும். கோர்த்துத் தைப்பது அவரவர் வேலை. நாடாவில் ஊசி குத்திய அடையாளம் ஒன்றுமே இல்லையென்றால் உங்கள் அம்மப்பா அவற்றை ஒரு நாளும் நெஞ்சில் குத்தவில்லை. அந்த மட்டைப் பெட்டியோடு ஒரு சிறு அச்சுச் சீட்டு வந்திருக்கும், என்னென்ன பதக்கம் அனுப்பப்படுகிறது என்று. பெட்டியின் அடியில், விரித்திருந்த பழைய பத்திரிகைத் தாளுக்குக் கீழே தேடுங்கள். இத்தாலிக் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

இத்தாலிப் போர்க்களத்தில் இருந்தவர்களுக்கு இத்தாலி நட்சத்திரம் என்று தனியாக ஒன்று உண்டு. 1943 ஜூன் 11 முதல் 1945 மே 8 வரையான காலத்துக்கு. நாடா அந்த நாட்டுக் கொடி மாதிரியே சிவப்பு, வெள்ளை, பச்சை. உங்களிடம் அது இல்லை. தொலைந்திருக்கலாம். ஆனால் சீட்டிலும் இல்லையென்றால் அவர் இத்தாலிக்குப் போகவில்லை என்றே கொள்ளுங்கள். அதற்காக மாமா பொய் சொல்கிறார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். 1940 டிசம்பருக்கும் 1941 பெப்ரவரிக்கும் இடையில் மட்டும் வட ஆபிரிக்காவில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இத்தாலியர் கைதாகியிருந்தார்கள். எகிப்தில் கைதி முகாம்கள் நிறைந்து கிடந்தன. முகாமுக்குச் சாமான் ஏற்றிப் போன ஒரு லொறிச் சாரதி நாலு இத்தாலியச் சொல் பழகியிருப்பார். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்டியிருப்பார். சொல்லிக் காட்டிய சொல், ஐம்பது வருடத்தில் இத்தாலிச் சண்டையாக வளர்வது ஒன்றும் பெரிய விஷயமில்லை. "இத்தாலியச் சொற்கள் சில பேசுவார்" என்று எழுதுங்கள். மாமாவும் சந்தோஷப்படுவார், உண்மையும் கெடாது.

இனி, ஏன் போனார் என்பது. பெரும்பாலான கல்வெட்டுகளில் "நாட்டுப்பற்றால்" என்று ஒரு சொல் வந்து விழும். எந்த நாடு? அது பிரித்தானிய மன்னரின் போர். இலங்கையில் கட்டாய ஆட்சேர்ப்பும் இருக்கவில்லை, போனவர்கள் எல்லோரும் தாங்களாகப் போனவர்கள். 18 வயதுப் பொடியன் ஒருவன் 1942இல் ஏன் கையெழுத்துப் போட்டான் என்று அறிய அந்த வருட யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. மலாயாவில் றெயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை செய்த நம்மவர்கள் அனுப்பிய காசும் கடிதமும் அன்றோடு நின்றுபோயின. 1945 செப்டெம்பர் வரை மகன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் எத்தனை வீட்டில் விளக்கு வைத்தார்கள். மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. நாங்கள் சாப்பிட்ட அரிசியில் பெரும் பங்கு பர்மாவில் இருந்து வந்தது, அதுவும் நின்றது. கூப்பன் வந்தது. ஒடியல் பிட்டும் குரக்கனும் மூன்று நேரமும் ஆனது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் ஜப்பான் குண்டு போட்டது. 9ஆம் திகதி திருகோணமலையில். அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தார்கள், 300 பேருக்கு மேல் செத்தார்கள்.

இப்படி ஒரு வருடத்தில் பட்டாளம் என்றால் சம்பளம், சாப்பாடு, சப்பாத்து. சம்பளத்தில் ஒரு பங்கை வீட்டுக்கு எழுதிக் கொடுக்கலாம். உங்கள் அம்மப்பாவின் ஆச்சி மாதாமாதம் தபால் கந்தோரில் அந்தக் காசை எடுத்தாரா என்று மூத்த ஆட்கள் யாரையாவது கேளுங்கள். எடுத்திருந்தால் அந்த வரி கல்வெட்டில் கட்டாயம் வர வேண்டும். மன்னருக்காகப் போனார் என்பதைவிட வீட்டுக்காகப் போனார் என்பது அவரைப் பற்றி அதிகம் சொல்கிறது. ஒரு பக்கக் கதையும் சொல்லிவிடுகிறேன்: அவர் எகிப்தில் இருந்த காலத்தில்தான் அவருடைய வளவில் இருந்து சைக்கிள் தூரத்தில் பலாலியில் பிரித்தானியர் விமானத் தளம் போட்டார்கள். பின்னர் 1990இல் உங்கள் குடும்பம் ஊரை விட்டு வந்த கதையிலும் அந்தத் தளம் வரும்.

இலங்கையில் ஆட்சேர்த்த பயோனியர் கோர் என்ற வேலைப் படையின் கம்பனிகளும் வேறு பிரிவுகளில் சேர்ந்தவர்களும் மத்திய கிழக்குக்குப் போனார்கள். துப்பாக்கி பிடித்ததைவிட மண்வெட்டியும் ஸ்டியரிங்கும் பிடித்ததுதான் அதிகம். அதை எழுத வெட்கப்படாதீர்கள். பாலைவனச் சண்டையே பெற்றோலாலும் தண்ணீராலும் நடந்த சண்டை. பிரித்தானியரின் பெற்றோல் முதலில் 4 கலன் தகர டின்களில் போனது, மெல்லிய தகரம். லொறியில் குலுங்கிக் குலுங்கிக் கரையில் விரிசல் விட்டு ஒழுகும். ஏற்றியதில் ஒரு பங்கு மணலுக்குத்தான். பிறகு ஜெர்மன்காரரின் தடித்த கானைப் பார்த்து அதே மாதிரி செய்யத் தொடங்கினார்கள். இன்றைக்கும் நாங்கள் ஜெரிக்கான் என்று சொல்வது அதைத்தான், ஜெர்மன்காரரைக் கேலியாக ஜெரி என்று கூப்பிட்டதில் வந்த பெயர். ஒழுகுகிற டின்களுக்கு முன்னால் உட்கார்ந்து, சுருட்டுப் பற்ற வைக்க முடியாமல், நாள் முழுக்க லொறி ஓட்டிய ஒருவர் வீட்டில் மண்ணெண்ணெய்ப் போத்தலை எப்படி வைத்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். முகம் கழுவ ஒரு செம்புக்கு மேல் எடுத்தால் ஏசுவார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தான் எல்லோருமே கிணற்றுத் தண்ணீரை எண்ணிச் செலவழிக்கிறவன்தான், அதனால் அது எகிப்தில் படித்ததா கீரிமலைப் பக்கத்தில் பிறந்ததால் வந்ததா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. ஆனால் செம்பைக் கல்வெட்டில் வைத்துவிடுங்கள்.

இப்போது அவர் குடும்பக்காரராக வாழ்ந்த பகுதி. கணக்குப் பாருங்கள்: 98 வருடத்தில் சீருடை போட்டது நாலு வருடம். கல்வெட்டு 32 பக்கம் என்றால் போருக்கு ஒன்றரைப் பக்கம்தான் நியாயம். தேவாரம், சிவபுராணம், திதி வெண்பா, வம்சாவளி, நன்றி நவிலல் போனாலும் மிச்சம் இருக்கிற பக்கத்தில் பெரும்பகுதி மற்ற 94 வருடத்துக்குரியது. இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். "அன்பான கணவராக, பாசமிகு தந்தையாக, பண்புள்ள பேரனாராக" என்று ஒரு வரி, அதோடு சரி. பெயரை மாற்றினால் எந்தக் கல்வெட்டுக்கும் பொருந்தும். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் பாட்டுகளும் அப்படித்தான், அச்சகத்திலேயே தயாராக வைத்திருக்கிறார்கள்.

நான் சொல்வது, காணி உறுதிகளை எடுத்து மேசையில் திகதி வாரியாக அடுக்குங்கள். யாழ்ப்பாணத்துத் தகப்பன் ஒருவனின் வாழ்க்கை வரலாற்றை நொத்தாரிசு எழுதி வைத்திருப்பார், நாங்கள் அதை வாசிப்பதில்லை. ஒல்லாந்தர் 1707இல் தொகுத்து வைத்த தேசவழமைச் சட்டம் இன்னும் நம் காணிகளில் உயிரோடு இருக்கிறது. சீதனமாகப் பெண்ணுக்கு எழுதுகிறோம், வீடும் பெரும்பாலும் பெண்ணுக்குத்தான். நாலு பெண் என்றால் நாலு சீதன உறுதி. முதல் மகளுக்குக் கல்வீடு போயிருக்கும். அன்றைக்கு அம்மப்பாவும் அம்மம்மாவும் எங்கே படுத்தார்கள்? குசினிப் பக்கம் இறக்கிய பத்தியிலா? இரண்டாவது மகளுக்கு எந்தக் காணியை எழுதினார், அதை எந்த வருடம் வாங்கினார், எவ்வளவுக்கு? கடைசி மகளின் உறுதியில் எழுதத் துண்டு நிலம் மிஞ்சியதா? ஒரு தொழிற்சாலைச் சம்பளத்தில் நாலு வீடு எழுப்பிய மனிதரின் கதை அந்தத் திகதிகளுக்கு நடுவில் இருக்கிறது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் தொடங்கியது. அவர் ஆரம்ப வருடங்களிலேயே சேர்ந்தவர் என்றால் பட்டாளத்தில் படித்த லொறி ஓட்டமும் எஞ்சின் பழுது பார்ப்பதும்தான் அந்த வேலையை வாங்கிக் கொடுத்திருக்கும். பதக்கத்தைவிட அவருக்குப் பயன்பட்டது எகிப்தில் எடுத்த சாரதிப் பத்திரமாக இருக்கலாம். அது பெட்டியில் இருக்கிறதா பாருங்கள்.

நான் எழுதிய கல்வெட்டுகளில் நல்லதாக வந்த ஒன்று, ஒரு தபால்காரருடையது. அவருடைய மூத்த மகள் ஒரு கொப்பி கொண்டு வந்தார். தகப்பன் 1961 முதல் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாங்கிய சப்பாத்தின் அளவு எழுதி வைத்திருந்தார், வருடம் போட்டு. அந்தப் பக்கத்தை அப்படியே படமெடுத்துப் போட்டோம். அந்தியேட்டி வீட்டில் சாப்பாட்டுப் பந்தியில் இருந்த ஆட்கள் அந்தப் பக்கத்தைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். உங்கள் அம்மப்பாவும் கணக்கு எழுதுகிறவர் என்றால் உங்களுக்கு வேலை பாதி முடிந்தது.

அடுத்தது, நீங்கள் கேட்காத கேள்வி. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. 1990 ஜூனில் காங்கேசன்துறையை விட்டு வந்தீர்கள். 1995 ஒக்டோபர் 30இல் போரால் வலிகாமத்துச் சனம் முழுவதும் தென்மராட்சிப் பக்கம் நகர்ந்தபோது, அப்போது அவருக்கு 71 வயது, நாவற்குழிப் பாலத்தில் மழையில் நின்ற கூட்டத்தில் உங்கள் குடும்பமும் நின்றது. வீடு போனது, கதவு நிலை கூடப் போனது என்கிறீர்கள். அப்படியென்றால் அந்த நாலு பதக்கமும் எப்படித் தப்பின? றங்குப்பெட்டியை யாரும் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க மாட்டார்கள். யாரோ பதக்கங்களைத் தனியாக எடுத்திருக்கிறார்கள், இரண்டு தடவை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பை இருந்தது: உறுதிகள், பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், சாதகங்கள், நகை ஏதும் மிஞ்சியிருந்தால் நகை. ஷெல் சத்தம் கேட்டால் அந்தப் பையைத்தான் முதலில் தூக்குவார்கள். தூக்குவது பெரும்பாலும் பெண்கள். உங்கள் அம்மம்மா அந்தப் பையில் இந்தப் பதக்கங்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். அம்மாவிடமும் பெரியம்மாமாரிடமும் கேளுங்கள். அம்மம்மாதான் என்று தெரிய வந்தால், அந்தக் கல்வெட்டில் பதக்கப் படத்துக்குக் கீழே அவருடைய பெயரும் இருக்க வேண்டும்.

அவர் போரைப் பற்றி ஏன் வாயே திறக்கவில்லை என்றும் கேட்டிருந்தீர்கள். "ஆமி" என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். 1950களில் "ஆமியில் இருந்தவர்" என்றால் ஒரு மதிப்பு. 1955 முதல் 1959 வரை இலங்கை இராணுவத்தின் தளபதியே அன்டன் முத்துக்குமாரு என்ற தமிழர்தான், அந்தப் பதவிக்கு வந்த முதல் இலங்கையர். 1960இல் இருந்து பத்து வருடம் கடற்படைக்கு ராஜன் கதிர்காமர். அப்புறம் காலம் மாறியது. எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் "ஆமி" என்ற சொல்லுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் மிஞ்சியது. அந்தச் சொல்லைத் தன் மேல் போட்டுக்கொண்டு எந்தக் கிழவன் ஒழுங்கையில் நடப்பான்?

எங்கள் பெரியப்பாவின் சீருடைப் படம் ஒன்று முன் விறாந்தையில், சாய்மனைக் கதிரைக்கு நேர் மேலே தொங்கியது. தொப்பி சரித்துப் போட்டு, காதோரம் எண்ணெய் மினுங்க நிற்பார். 1987இல் வீடு வீடாகத் தேடுதல் நடந்த நாட்களில் பெரியம்மா அதைக் கழற்றி, துணியில் சுற்றி, அரிசி மூட்டைக்கு அடியில் வைத்தார். எந்த நாட்டுச் சீருடை, எந்தப் போர் என்று துவக்கோடு நிற்கிறவனுக்கு யார் விளக்குவது? சுவரில் படம் இருந்த சதுரம் மட்டும் சுண்ணாம்பு வெளிறாமல் தெரிந்தது. அதை மறைக்க ஒரு பழைய கலண்டரை மாட்டினார். படம் திரும்ப ஏறவே இல்லை. அந்தக் கலண்டரும் அதே மாதத்தைக் காட்டியபடி வருடக் கணக்காகத் தொங்கியது.

பெரியப்பா தானும் அதிகம் பேசவில்லை. 1942 மே மாதம் கொக்கோஸ் தீவில் இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் பிரித்தானிய அதிகாரிகளுக்கு எதிராகக் கிளம்பினார்கள், ஓகஸ்டில் மூன்று பேரைத் தூக்கிலிட்டார்கள். பெரியப்பா இருந்த அதே படை. ஒருமுறை அதைப் பற்றிக் கேட்டேன். "அதைக் கதைக்காதை தம்பி, தேத்தண்ணியைக் குடி" என்றார். ஏப்ரல் 9 காலையைப் பற்றிக் கேட்டால் மட்டும் சொல்வார், அதுவும் ஒரே வரி: "சத்தம் வரமுந்தி காகம் எல்லாம் எழும்பிட்டுது." உங்கள் அம்மப்பா சொன்ன ஒற்றை வரிகளையும் இப்படியே, அவர் பேச்சிலேயே எழுதுங்கள். இலக்கணம் திருத்தாதீர்கள்.

கடைசியாக ஆவணங்கள். அவர் பிரித்தானிய இராணுவத்தின் பிரிவு ஒன்றில் பதிவானவர் என்றால் சேவைப் பதிவு அங்கே இருக்க வேண்டும். பாதுகாப்பு அமைச்சில் இருந்த அந்தப் பதிவுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றப்பட்டு வருகின்றன. விண்ணப்பித்தால் இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். இலங்கைப் படைப்பிரிவு என்றால் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் தொடங்குங்கள். இரண்டும் அந்தியேட்டிக்குள் நடக்கிற காரியமில்லை, ஆண்டுத் திவசத்துக்கு ஒரு சிறு பின்னிணைப்பாக அடிக்கலாம்.

தேடும்போது பெயரை நம்பாதீர்கள். நம்மவர் தகப்பன் பெயரை முன்னால் போட, வெள்ளைக்காரக் கிளார்க் பின்னால் இருந்ததைக் குடும்பப் பெயர் என்று எடுத்து எழுத, கந்தையா ஒரு பதிவிலும் செல்லத்துரை இன்னொரு பதிவிலுமாக ஒரே மனிதர் இரண்டு ஆளாகக் கிடப்பார். எழுத்துக்கூட்டலோ நாலு விதம். படை இலக்கம்தான் ஆளை நிச்சயமாகக் காட்டும். அது சம்பளப் புத்தகத்தில் இருக்கும், விடுவிப்புப் பத்திரத்தில் இருக்கும். காகிதம் எல்லாம் போய்விட்டது என்றால், பட்டாளக் காலத்துச் சாமான் ஏதும் மிஞ்சியிருந்தால் அதை டோர்ச் அடித்துப் பாருங்கள். சிப்பாய்கள் தங்கள் சாமானில் இலக்கத்தைப் பெயின்றால் எழுதுவார்கள். பெரியப்பாவின் இலக்கம் எனக்குக் கிடைத்தது அவருடைய அலுமினியச் சாப்பாட்டுத் தட்டத்தின் அடியில். பெரியம்மா அதில் கோழிக்குத் தவிடு வைத்துக்கொண்டிருந்தார்.

பதக்கங்களை பிராசோ போட்டு மினுக்காதீர்கள். படத்தை அச்சகத்துக்குக் கொடுக்க முன் மெல்லிய பருத்தித் துணியால் தூசியை மட்டும் துடையுங்கள், நாடாவைக் கழுவவே வேண்டாம். படம் எடுக்கும்போது இடப்பக்கத்தில் இருந்து 1939-45 நட்சத்திரம், ஆபிரிக்க நட்சத்திரம், பாதுகாப்புப் பதக்கம், போர்ப் பதக்கம் என்ற ஒழுங்கில் வையுங்கள். இலக்கம் கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள்.